துரைக்கண்ணு வண்டியில் ஒரே ஒரு பயணி

திண்டிவனத்தில் மேம்பாலத்தை ஒட்டி என் கடை. போஸ்டர், பேனர், வண்டி ஸ்டிக்கர் மூன்றும் செய்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று இந்தப் பக்கத்து ஜனங்களின் நல்லது கெட்டது எல்லாம் என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துதான் சுவருக்குப் போகிறது. இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. எவன் என்ன எழுதிக் கொடுத்தாலும் எழுத்துப்பிழை பார்த்து அடித்துக் கொடுப்பேன், கேள்வி கேட்க மாட்டேன். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தால் நான் செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். நடுநடுவே எனக்கே என் மேல் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒலக்கூர் பக்கத்தில் துரைக்கண்ணு அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம், அது விளைகிற இரண்டு காணி நிலம், ஒரு டெம்போ டிராவலர் வண்டி. நிலத்தை அவர் மனைவி கிருஷ்ணவேணி அக்கா பார்த்துக்கொள்வார். வண்டியை இவர் ஓட்டுவார். வேளாங்கண்ணி, திருச்செந்தூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று முப்பது வருஷம் ஊர் ஜனத்தை ஏற்றிப்போய் இறக்கிய மனுஷன். எந்த இடத்தில் நிறுத்தினாலும், "பத்து நிமிஷந்தான், ஜல்தியா பாத்துட்டு வந்து ஏறுங்க" என்பார். பதினோராவது நிமிஷம் ஹாரன் அடிக்கும். சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி விபூதியோடு ஓடிவந்த கதையெல்லாம் உண்டு.

அந்த வண்டியில் அக்கா ஒருதரம்கூட சுற்றுலா போனதில்லை. சீட்டு நிரம்பினால்தான் வண்டி கிளம்பும், நிரம்பிய பிறகு அக்காவுக்கு ஏது இடம்? களையெடுப்பு, மாடு, மல்லாட்டை உடைப்பு என்று வீட்டோடு கிடந்தார். கடல் என்று அவர் பார்த்தது மாசி மகத்துக்கு மரக்காணத்தில் சாமி குளிக்கிற இடத்தைத்தான். அதையும் கூட்டத்தின் முதுகுகளுக்கு நடுவில் பார்த்ததாகச் சொல்லுவார்.

ஒரே பெண், கலைமதி. திண்டிவனத்தில் காலேஜ் முடித்தாள். ஊரை ஒட்டிய காலனியில் இருந்த தென்னரசு என்ற பையனுக்கும் அவளுக்கும் பழக்கம். வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்த பெண், சொல்லாமலே கிளம்பிவிட்டாள். இரண்டாயிரத்துப் பதினாறு ஆவணியில் ஒரு காலை, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் என்று சேதி வந்தது. துரைக்கண்ணு அண்ணன் அங்கே போகவில்லை. நேரே என் கடைக்கு வந்தார்.

காலேஜ் அடையாள அட்டைக்காக எடுத்த போட்டோவை மேஜை மேல் வைத்தார். கண்ணீர் அஞ்சலி, நூறு போஸ்டர் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்ப, எப்படி என்று கேட்டேன். சாகவில்லை, ஓடிவிட்டாள் என்றார். இந்த மாதிரி ஆத்திரத்தில் உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு அஞ்சலி ஒட்டுகிற அப்பன்களை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் நேரில் பார்த்தேன். "அண்ணே, யோசிச்சுக்கோங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். "மறைவுன்னு இன்னிக்குத் தேதியப் போடு கோகுலு" என்றார். போட்டேன். நான் மாட்டேன் என்றிருந்தால் வேறு கடையைத் தேடிப் போயிருப்பார், நாலு தெரு நடப்பதற்குள் கொஞ்சம் ஆறியும் இருப்பார். அந்த நாலு தெருவைக்கூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை, மடையன்.

வீட்டுக்குப் போய் மோட்டார் கொட்டகையில் தலைமுழுகினார். செத்த வீட்டுக்குப் போய்வந்து முழுகுகிற மாதிரி, கட்டிய வேட்டியோடு. அக்காவையும் முழுகச் சொன்னார். அக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிந்தது. முந்தானையை மட்டும் நனைத்துக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி வெளியே வந்தார். துண்டுக்குள் முடி காய்ந்து கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷம் அந்த வீட்டில் கலைமதி என்ற பேரை யாரும் உச்சரிக்கவில்லை.

இடையில் ஒரு காரியம் நடந்தது. மூன்று வருஷத்துக்கு முன் தென்னரசுவின் அப்பா இறந்துபோனார். போஸ்டர் அடிக்க அவன் என்னிடமே வந்தான். நான்தான் கலைமதிக்கு அஞ்சலி போஸ்டர் அடித்தவன் என்று தெரிந்துதான் வந்திருப்பான். துயரப்படும் குடும்பத்தார் பேரெல்லாம் எழுதிய தாளைக் கொடுத்தான். மகன் தென்னரசு, மருமகள் கலைமதி. அதற்குக் கீழே, பேத்தி கிருஷ்ணவேணி. அக்காவின் பேர். எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். தரங்கம்பாடிக்குத் தெற்கே வெள்ளமணல்குப்பம், ஐஸ் கம்பெனியில் வேலை என்றான்.

அந்தப் போஸ்டரில் ஒன்றை மடித்து எடுத்து வைத்தேன். அக்கா சந்தைக்கு வந்த நாளில் கூப்பிட்டுக் கொடுத்தேன். கடைசி வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "புள்ளைக்கு என் பேர வெச்சிருக்குதா?" என்றார். தலையாட்டினேன், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். போஸ்டரை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

போன வருஷம் துரைக்கண்ணு அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனிமேல் ஆள் ஏற்றி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்று அவர் சொன்னபோதுதான் அக்கா வாயைத் திறந்தார். "ஊரையே கூட்டிக்கினு போனீங்க. என்ன ஒருதரம் கூட்டிக்கினு போங்க, கடலோரமாவே போலாம்." மனுஷன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சீட்டுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

பின்பக்கம் பலகைக் கட்டில், அதற்குக் கீழே அரிசி பருப்பு வைக்கப் பெட்டி, ஓரத்தில் கேஸ் அடுப்பு, மேலே தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்கு அக்காவின் பழைய புடவையில் திரை. முன்னால் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சீட்டை மட்டும் விட்டுவைத்தார். பொங்கல் கழித்து வண்டி என் கடைக்கு வந்தது. பழைய சுற்றுலா எழுத்தையெல்லாம் உரித்துவிட்டு, போகப்போகிற ஊர்களின் பேரைப் பக்கவாட்டில் ஒட்டச் சொன்னார். மரக்காணம், புதுச்சேரி, கடலூர், பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று கன்னியாகுமரி வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். தரங்கம்பாடி என்று அவர் சொன்னபோது அக்கா என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

இனிமேல் நான் சொல்வது அவர்கள் இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது. அண்ணன் கொஞ்சம் சொன்னார், மீதியெல்லாம் அக்கா சொன்னது.

மரக்காணத்து உப்பளங்களிலேயே அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். வெறும் உப்பு, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று இவர் முணுமுணுத்திருக்கிறார். அக்கா இறங்கி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, நாற்பது வருஷமாகக் குழம்பில் போடுவதை இன்றைக்குத்தான் அது பிறந்த வீட்டில் பார்க்கிறேன் என்றாராம். கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரை. முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றவர், நின்றபடியே இருந்தார். பழக்கதோஷம், பத்து நிமிஷத்தில் இவர் ஹாரன் அடித்துவிட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், தான் சீட்டுப் பிடித்து வந்த ஆள் இல்லை, ஏறச் சொல்லாதீர்கள் என்று கத்தியிருக்கிறார். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்துவிட்டு, என்ஜினை அணைத்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றார். முப்பது வருஷம் கடலுக்குக் கொண்டுபோய் விட்ட மனுஷனின் காலில் அன்றைக்குத்தான் கடல் பட்டது.

பூம்புகாரில் வண்டிக்குள்ளேயே கேப்பைக் களி கிண்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்தார் அக்கா. நெடி தாங்காமல் பக்கத்தில் நின்ற கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்களாம். "உன்ன முன்னாடியே கூட்டிக்கினு வந்திருக்கணும்" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னாராம் அண்ணன். அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்லும்போது அக்கா முகத்தில் ஒரு வெட்கம் வரும். அறுபது வயதை நெருங்கும்போது கல்யாணமான மாதிரி இருந்தது தம்பி என்பார். தரங்கம்பாடி வரக்கூடாது என்றும் சீக்கிரம் வரவேண்டும் என்றும் இரண்டையும் ஒரே மனசில் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

மூன்றாம் நாள் காலை தரங்கம்பாடி வந்தது. கோட்டைக்கு முன்னால் டீ குடித்து முடித்ததும் அக்கா விஷயத்தைச் சொன்னார். இங்கிருந்து கொஞ்ச தூரம்தான், பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. அவளைத் தலைமுழுகியாயிற்று என்றார்.

"நீங்கதான் முழுகினீங்க. நான் முழுகல" என்றார் அக்கா. குழாயையும் வாளியையும் காய்ந்த முடியையும் எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்.

அண்ணன் எழுந்து டீக்குக் காசு கொடுத்தார். வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். ஊருக்குத் திருப்பப்போகிறார் என்று அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். வண்டி திரும்பவில்லை. தெற்கே போய், மெயின் ரோட்டிலிருந்து இடது பக்கம் இறங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, யாரிடமும் வழி கேட்காமல் ஐஸ் கம்பெனி வாசலில் போய் நின்றது. எதிர்ப்பக்கம் நீல வண்ணம் அடித்த வீட்டைக் காட்டி, அதுதான் என்றார்.

ஐந்து வருஷமாகத் தெரிந்திருக்கிறது அந்தப் படுபாவி மனுஷனுக்கு! டிரைவர்களிடம் விசாரித்தால் கிடைக்காத விலாசம் உண்டா? வேளாங்கண்ணிக்குச் சவாரி போகும் ஒவ்வொரு தடவையும் வண்டி சூடாகிவிட்டது என்று பொய் சொல்லி இங்கே ஒடித்து நிறுத்துவாராம். மீன் நாற்றம் பொறுக்காமல் உள்ளே இருக்கிறவர்கள் திட்டுவார்கள். இவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் மறைவில் நின்று அந்த வீட்டைப் பார்ப்பாராம். பத்து நிமிஷம். பிறகு மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒருதரம் கலைமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி காயப்போட்டதைப் பார்த்திருக்கிறார். இதைச் சொன்னபோது என் எதிரில் உட்கார்ந்து அழுதார். பேரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்திருக்கலாமே அண்ணே என்று நான் கத்திவிட்டேன். ஊர் பூராவும் போஸ்டர் ஒட்டிவிட்டு என்ன மூஞ்சியோடு கூப்பிடுவது என்றார்.

அக்கா இறங்கி அந்த வீட்டுக்குப் போனார். தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுததை நான் எழுதவேண்டியதில்லை. கடைசியில், அப்பா வண்டியில் இருக்கிறார், வந்து கூப்பிடு என்றார் அக்கா. கலைமதி செல்போனை எடுத்துக் காட்டினாள். நான் அடித்த போஸ்டர். கல்யாணப் பதிவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கும்போது யாரோ அனுப்பியிருக்கிறார்கள், அவள் அழிக்கவே இல்லை.

"எங்க கல்யாண நாளும் நான் செத்த நாளும் ஒரே தேதிம்மா. எதக் கும்புடறதுன்னு தெரியாம வருஷா வருஷம் சும்மா உக்காந்திருக்கேன்" என்றாள். "நான் போய்க் கூப்புட மாட்டேன். செத்துட்டேன்னு சொன்னவரு, அவரே வந்து பேரச் சொல்லிக் கூப்புடட்டும். ஒருதரம் கூப்புட்டாப் போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். வண்டிக்கும் வாசலுக்கும் நாற்பது அடி.

இரண்டு நாள் அந்த மனுஷன் வண்டியை விட்டு இறங்கவில்லை. வண்டியே வீடாக இருந்தது அதற்கு வசதியாகப் போய்விட்டது. தென்னரசு கம்பெனிக்குப் போகும்போது வந்து, உள்ளே வாங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இருக்கட்டும் இருக்கட்டும் என்றிருக்கிறார். அக்கா வீட்டுக்கும் வண்டிக்கும் நடையாய் நடந்தார். இரண்டு பக்கமும் கெஞ்சினார். என்ன பேஜாரு இது, பெற்றவனும் பிள்ளையும் ஒரே அச்சாக இருந்து என் உயிரை வாங்குகிறார்களே என்று இரண்டு பேரையும் திட்டினார்.

மூன்றாம் நாள் காலை அண்ணன் தொட்டித் தண்ணீரில் குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாராம், வண்டிக்குள் தனியாக. நன்றாகத்தான் வந்தது என்றார் என்னிடம். இறங்கி நடந்தார். வாசற்படியில் குழந்தை உட்கார்ந்து நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தது. ஆறு வயது, அக்காவின் அதே நெற்றி. அன்னியர் யாரோ வருகிறார் என்று நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டது.

உள்ளே அடுப்பங்கரையில் அம்மாவும் மகளும் அப்படியே நின்றார்கள். இட்லித் தட்டைத் தூக்கிய கலைமதியின் கை இறங்கவில்லை.

"வண்டி டிரைவரு, பாப்பா" என்றார் அவர்.

தாத்தா என்று வாய் வரைக்கும் வந்தது கோகுலு, அந்தப் பேருக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றிவிட்டது என்றார் என்னிடம். முப்பது வருஷமாக எந்த வாசலில் நின்றாலும் சொல்லிப் பழகிய வார்த்தை, அதுவே முந்திக்கொண்டது. அப்போதாவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். திரும்பி நடந்துவிட்டார்.

கலைமதி இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு தட்டில் ஆறு இட்லி வைத்து, சட்னி ஊற்றி, டம்ளரில் தண்ணீரும் கொடுத்துக் குழந்தையை அனுப்பினாள். சுற்றுலா வண்டி வந்தால் வீட்டுக்காரர்கள் டிரைவருக்குச் சாப்பாட்டை வண்டிக்கே கொடுத்தனுப்புவார்கள். அதே மாதிரி. குழந்தை வண்டியிடம் போய், "அம்மா டிரைவருக்குக் குடுக்கச் சொன்னாங்க" என்றது. அண்ணன் ஆறையும் சாப்பிட்டார். தட்டைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். குழந்தை ஹாரன் அடிக்க ஆசைப்பட்டது. தூக்கி மடியில் உட்காரவைத்து, வேண்டிய மட்டும் அடிக்கவிட்டார். வீட்டுக்குள் கலைமதி, அந்த ஹாரன் நிற்கும்வரை அழுதாள் என்றார் அக்கா.

அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். கன்னியாகுமரிக்குப் போகவில்லை. ஒட்டிய பேர்களில் பாதி ஊர் வண்டி போகாத ஊராகவே நின்றுவிட்டது.

மாசி முடிகிற சமயம் அண்ணன் என் கடைக்கு வந்தார். ஒரு தாளை நீட்டினார். பால்பாயிண்ட் பேனாவில், கோணல்மாணலாக, 'என் மகள் கலைமதி சாகவில்லை. நான்தான் தப்பாகப் போட்டுவிட்டேன். இப்படிக்கு துரைக்கண்ணு' என்று இருந்தது. இதை நூறு அடித்துக் கொடு, அன்றைக்கு எங்கெங்கே ஒட்டினேனோ அங்கெல்லாம் நானே போய் ஒட்டுகிறேன், ஒட்டிவிட்டுப் போய் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு ஆர்டர் வந்ததில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் சாவுக்குத் தேதி போட்டு ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்தவன், இதற்கு, தேர்த் திருவிழா பேனர் வேலை இருக்கிறது அண்ணே, வெள்ளிக்கிழமை வாங்க என்றேன். புதன்கிழமை காலையில் மல்லாட்டைக் கொல்லையில் வரப்பு மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய அண்ணன் மகன் ஜெகதீசன் போஸ்டருக்கு வந்தான். பங்காளிகள் பேரெல்லாம் எழுதிய பட்டியல். மகள் பேர் இல்லை. நானே கீழே தட்டினேன்: மகள் கலைமதி, மருமகன் தென்னரசு, பேத்தி கிருஷ்ணவேணி. செத்துப்போனவள் பேரை எதற்குப் போடுகிறாய் என்று குதித்தான். மேஜை டிராயரைத் திறந்து அண்ணன் எழுதிய தாளை எடுத்து அவன் எதிரில் வைத்தேன். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு போஸ்டரை நானே கொண்டுபோய் ஒட்டினேன், அவர் வீட்டு எதிர்ச் சுவரில்.

மத்தியானம் கலைமதியும் தென்னரசுவும் குழந்தையோடு ஒலக்கூர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தெரு முழுக்க ஜனம். யாரும் தடுக்கவில்லை. கலைமதி நேரே போகாமல் அந்தச் சுவருக்கு முன் நின்றாள். தன் பேரைப் படித்தாள் என்று நினைக்கிறேன். குழந்தை அவள் கையை இழுத்து, போட்டோவைக் காட்டியது.

"அம்மா, நம்ம வீட்டுக்கு வந்தாரே, டிரைவரு."

"டிரைவரு இல்லடி. எங்கப்பா" என்றாள் கலைமதி. பிறகு உள்ளே ஓடிப்போய், "அப்பா, நான் கலைமதி வந்திருக்கேம்பா, ஒருதரம் கூப்புடுப்பா" என்று கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருந்தாள். அவர் ஐஸ் பெட்டிக்குள், அதே வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார்.